அக்டோபர் 2 வரை காத்திருக்க வேண்டாம்

செம்பூர், மும்பை
ஜூலை 2026

அன்புள்ள கார்த்திக்,

"அக்டோபர் 2-க்கு அப்புறம் வந்தால்தான் வரிக்கு நல்லதாம்மா?" என்று அமெரிக்காவிலிருந்து ஒரு வரி அனுப்பியிருந்தாய். கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து வந்தது அது ஒன்றுதான். கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கேட்காததை நீயாகச் சொல்லும்போது சொல்.

உனக்கு அந்தத் தேதியைச் சொன்னவருக்குப் பாதிதான் தெரிந்திருக்கிறது. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வருடத்தில் 182 நாள் இங்கே இருந்தால் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் இங்கே வசிப்பவன். அக்டோபர் 1 அன்று இறங்கினால் மார்ச் கடைசிக்குள் சரியாக 182 ஆகிவிடும், 2 அன்று இறங்கினால் 181. அவர் சொன்னது இவ்வளவுதான். இந்த ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வந்தும் இந்த எண்கள் மாறவில்லை.

இன்னொரு விதியும் உண்டு: வருடத்தில் 60 நாள், அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாள், இரண்டும் சேர்ந்தால் ரெசிடென்ட். லீவில் வந்து போகிறவனுக்கு இதில் சலுகை இருக்கிறது, மூட்டை கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு இல்லை. நீ வருடத்துக்கு மூன்று வாரம் தலைகாட்டுகிறவன், நான்கு வருடம் கூட்டினாலும் நூறைத் தாண்டாது. அதனால் இது உன்னைத் தொடாது. அந்த ஊரிலும் ஏதோ 60 நாள் கணக்கு உண்டென்று கேள்விப்பட்டேன். அது என் சட்டம் இல்லை, அதைப் பற்றி நான் கேட்கவும் இல்லை.

ஆகஸ்டிலேயே வந்துவிட்டாய் என்று வைத்துக்கொள். ரெசிடென்ட் ஆவாய்தான், ஆனால் ஆர்என்ஓஆர், அதாவது வழக்கமாக இங்கே வசிக்காத ரெசிடென்ட். முந்தைய ஏழு வருடங்களில் இங்கே இருந்தது 729 நாளுக்குள் இருந்தால் அந்தத் தகுதி. முந்தைய பத்தில் ஒன்பது வருடம் என்ஆர்ஐயாக இருந்தாலும் கிடைக்கும். ஆர்என்ஓஆருக்கு, அமெரிக்காவில் சம்பாதித்து அமெரிக்காவிலேயே வாங்கிய சம்பளத்துக்கும் அங்கேயே கிடக்கும் பங்குகளுக்கும் வட்டிக்கும் இங்கே வரி இல்லை. வேலையை விட்டுப் போகும்போது கம்பெனி சேர்த்துக் கொடுக்கும் பணத்துக்கும் அப்படியேதான். பொதுவாகச் சொல்கிறேன்.

எத்தனை வருடம் அது நீடிக்கும் என்பதுதான் பார்க்க வேண்டிய விஷயம். ஆகஸ்ட் 1 வந்தால் இந்த வருடம் 243 நாள், அடுத்த வருடத்தில் பிப்ரவரி 29 வருவதால் 366, மொத்தம் 609. 2028-29க்குக் கணக்குப் போடும்போது 729-இல் மிச்சம் 120. 2021 ஏப்ரலிலிருந்து 2026 மார்ச் வரை நீ வந்துபோன நாட்களெல்லாம் அந்த 120-க்குள் அடங்க வேண்டும். அக்டோபர் 2 வந்தால் 182 நாள் மிச்சமிருக்கும், தாராளம். 2020-இல் இங்கே மாட்டிக்கொண்டாயே, அந்த மாதங்கள் அதற்குள் ஏழு வருடத்தைத் தாண்டிப் போய்விடும், கவலையில்லை. அந்த மிச்சத்துக்குள் அடங்கினால், எப்படி வந்தாலும் ஆர்என்ஓஆர் முடிந்து முழு ரெசிடென்ட் ஆவது 2029-30இல்தான். சங்கரி கல்யாணத்துக்கு வந்தபோது கூடுதலாகத் தங்கினாய், அதனால்தான் பாஸ்போர்ட் பக்கங்களை அனுப்பு என்கிறேன். வந்த நாள், போன நாள் இரண்டையும் எண்ணுவேன். விமானம் நள்ளிரவுக்குப் பின் இறங்கினால் முத்திரையில் இருக்கும் தேதிதான்.

வரி கெடுவது தேதியால் இல்லை, வேறு இரண்டு இடத்தில். கடைசிச் சம்பளத்தை நேராக இந்திய வங்கிக்கு அனுப்பச் சொல்லாதே. முதலில் கைக்கு வந்த இடம் இந்தியா என்றால் என்ஆர்ஐயானாலும் ஆர்என்ஓஆரானாலும் வரி கேட்பார்கள். அங்கே உன் கணக்கில் விழுந்து, பிறகு இங்கே வரட்டும். அடுத்தது, செம்பூரில் உட்கார்ந்து லாப்டாப்பில் அந்தக் கம்பெனிக்கே வேலை பார்த்தால் அது இந்தியாவில் சம்பாதித்த பணம். டாலரில் வந்தாலும், அங்கேயே போட்டாலும் இங்கே வரி உண்டு. இதில் படித்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

வங்கிக் கணக்குக்கு நாள் எண்ணிக்கை கிடையாது, அது ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டம். இங்கேயே தங்குவதென்று வந்து இறங்கியதுமே நீ ரெசிடென்ட். என்ஆர்ஐயாக ரூபாயில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும், அதன் வட்டிக்கு இருந்த விலக்கு அத்தோடு போகும். வெளிநாட்டுப் பணத்திலேயே போட்ட எஃப்சிஎன்ஆர் டெபாசிட்டை முதிர்வு வரை வைத்துக்கொள்ளலாம், ஆர்என்ஓஆராக இருக்கும்வரை அதன் வட்டிக்கு வரி இல்லை. டாலராகவே வைக்க வேண்டுமானால் ஆர்எஃப்சி கணக்கு திற.

அங்கே ஓய்வுக்காலத்துக்குச் சேர்த்த 401(கே)-யை அவசரத்தில் உடைக்காதே. 59½ வயதுக்கு முன் எடுத்தால் வரிக்கு மேல் 10 சதவீதம் அபராதம். 2029-30க்குப் பிறகும், எடுக்கும்போது மட்டும் இங்கே வரி கட்டுகிறேன் என்று விருப்பம் கொடுக்க வழி இருக்கிறது. வெளிநாட்டுச் சொத்துகளை ரிட்டர்னில் காட்டுவதும் அப்போதிலிருந்துதான். காட்டாமல் விட்டால் 10 லட்சம் அபராதம் வரலாம், கறுப்புப் பணச் சட்டம். அதுவரை ரிட்டர்ன் படிவத்தில் ஐடிஆர்-1 பக்கம் போகாதே, ஆர்என்ஓஆருக்கு அது கிடையாது. ஐடிஆர்-2தான்.

நம் வீட்டில் இந்த வயதில் இவ்வளவு சேர்த்தவர் யாருமில்லை. அப்பா அதைச் சொல்லாத ஆளில்லை, செட்டா நகர் முருகன் கோயில் படியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறார். ஆனால் எந்தப் பணம் எங்கே இருக்கிறதென்று ஒரு தாளில் எழுதி வைக்க உனக்கு இன்னும் வரவில்லை. காரை விற்றுவிட்டாயாமே, சங்கரி சொன்னாள். நல்ல விலை வந்ததா? வேலை நாள் பகலிலும் ஆன்லைனில் இருக்கிறாய் என்றும் சொன்னாள். அப்பாவிடம் நான் சொல்லவில்லை.

பாதி வருடத்தில் கிளம்பினால் அமெரிக்காவிலும் அந்த வருடத்துக்கு இரண்டு நிலை. போகும் நாள் வரை ரெசிடென்ட், பிறகு இல்லை. அந்த வருடம் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கிடைக்காது. அங்கே ஒரு சிபிஏவிடம், அந்த ஊர் ஆடிட்டரிடம், கொடு, நீயே சாஃப்ட்வேரில் போடாதே.

அக்டோபருக்காக யாரும் வாடகை கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. வரியில் அப்படி ஒரு லாபமும் இல்லை. டிக்கெட் எடுத்தால் தேதியை மட்டும் அனுப்பு, காரணம் எழுத வேண்டாம். பாஸ்போர்ட்டில் எல்லாப் பக்கமும் வேண்டும், பழைய பாஸ்போர்ட்டும் சேர்த்து.

அம்மா