இளைத்த குதிரைக்குக் கொள்ளு அளவைக் கூட்டாதீர்கள், புல்லைக் கூட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி வந்தால் அந்தியூர் குருநாத சுவாமி கோவில் குதிரைச் சந்தையைப் பற்றி எல்லாப் பத்திரிகைகளிலும் செய்தி வருகிறது. எந்தக் குதிரை என்ன விலைக்குப் போனது, எது நாட்டியம் ஆடியது என்று படத்தோடு போடுகிறீர்கள், சந்தோஷம். ஆனால் அந்தக் குதிரை வாங்கியவர் வீட்டுக்குப் போய் என்ன தின்னப் போகிறது என்று ஒரு வரி கூட வருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் வண்டிக்குக் குதிரை வைத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் சந்தையில் வாங்கி வந்த கத்தியவாரி இனக் குதிரை இரண்டே மாதத்தில் இளைத்துப் போனது, பத்தடி தள்ளி நின்றே விலா எலும்பை எண்ணலாம். விசாரித்த இடத்தில் எல்லாம் ஒரே பதில்தான், கொள்ளு அளவைக் கூட்டு. ஒரு கிலோவை இரண்டாக்கினேன், அப்புறம் மூன்றாக்கினேன், கூடவே மூன்று கிலோ வைக்கோல். உடம்பு தேறவே இல்லை. தண்ணீரை மட்டும் வாளி வாளியாகக் குடித்தது, லாயத்துத் தரை எந்நேரமும் ஈரம், விடிகாலையில் கதவைத் திறந்தால் மூத்திர நெடியில் கண் கரிக்கும். பார்க்க வந்த கால்நடை மருத்துவர் குதிரையைத் தொடுவதற்கு முன்னாலேயே "கொள்ளு எவ்வளவு போடறீங்க?" என்றுதான் கேட்டார்.

கொள்ளில் நூற்றுக்கு 22 பங்கு புரதம். உடம்புக்கு வேண்டியது போக மிஞ்சுகிற புரதத்தைக் குதிரையால் புரதமாகச் சேர்த்து வைக்க முடியாது. அதிலிருக்கும் நைட்ரஜனை யூரியாவாக்கி மூத்திரத்தில் தள்ள வேண்டும், அதற்குத்தான் அவ்வளவு தண்ணீர். அந்த யூரியா தரையில் அம்மோனியாவாகி நெடியடிக்கிறது, மூடிய லாயத்தில் அது குதிரையின் நுரையீரலையும் கெடுக்கும். புரதத்தை எரித்தும் கொஞ்சம் எரிசக்தி கிடைக்கும், ஆனால் அது ஈர விறகை வைத்து அடுப்பெரிக்கிற மாதிரி.

அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 2007-ல் வெளியிட்ட தீவன அட்டவணையில், 500 கிலோ குதிரை சும்மா நின்றால் நாளைக்கு 16.7 மெகா கலோரி எரிசக்தியும் 630 கிராம் புரதமும் வேண்டும் என்று இருக்கிறது. நடுத்தர வேலை செய்தால் 23.3 மெகா கலோரி, 768 கிராம். எரிசக்தித் தேவை 40 சதவீதம் ஏறும்போது புரதத் தேவை 22 சதவீதம்தான் ஏறுகிறது. என் குதிரை 300 கிலோ சொச்சம், நடுத்தர வேலைக் கணக்குக்கு 480 கிராம் புரதம் போதும். நான் கொள்ளில் மட்டுமே 660 கிராம் போட்டுக்கொண்டிருந்தேன், எரிசக்தியோ பற்றாக்குறை! எடை பார்க்க எடைமேடை தேவையில்லை, தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பின்புற முனை வரை உடல் நீளத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ கணக்கு வந்துவிடும். என் குதிரைக்குச் சுற்றளவு 160, நீளம் 145, எடை 312 கிலோ.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று பழமொழியே இருக்கிற ஊரில் கொள்ளைக் குறைக்கச் சொன்னால் யாருக்கும் மனசு வராது என்று எனக்குத் தெரியும். ஆனால் குதிரை முதலில் புல் தின்கிற பிராணி. அதன் இரைப்பை சின்னது, பெருங்குடல்தான் பெரியது, அங்கே இருக்கும் நுண்ணுயிரிகள் நாரை நொதிக்க வைத்துத்தான் அதற்குச் சக்தி தருகின்றன. எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு வரை காய்ந்த புல் உள்ளே போக வேண்டும், அதாவது என் குதிரைக்கு ஐந்து, ஆறு கிலோ. புல் போதாமல் தானியத்தை ஒரே வேளையில் கொட்டினால் மாவுச்சத்து செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது, பாவம்.

இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். வைக்கோலுக்குப் பதில் காய்ந்த புல் ஐந்து கிலோ, வேகவைத்த கொள்ளு முக்கால் கிலோ, ஓட்ஸ் ஒரு கிலோ, மேலே 100 மில்லி எண்ணெய், எல்லாம் மூன்று வேளையாகப் பிரித்து. தவிட்டையும் குறைத்துவிட்டேன், அதில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் ரொம்பக் குறைவு, நாள்கணக்கில் அதையே போட்டால் எலும்பு கெட்டு முகம் வீங்கிவிடும். மூன்றாம் மாதம் லாயத்தில் அந்த நெடி இல்லை. இப்போது விலா எலும்பு கையால் தடவினால் தட்டுப்படுகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

கொள்ளே கூடாது என்று சொல்லவில்லை. குட்டி போட்டுப் பால் கொடுக்கிற பெட்டைக்குப் புரதத் தேவை சாதாரண நாளைவிட இரண்டரை மடங்கு வரை போகும், வளர்கிற குட்டிக்கும் நல்ல புரதம் வேண்டும். அங்கே கொள்ளும் குதிரை மசாலும் தாராளமாகக் கொடுக்கலாம். பெயரிலேயே குதிரை இருக்கிற அந்தத் தீவனத்தை நம் பக்கம் மாட்டுக்குத்தான் போடுகிறார்கள்.

சந்தை நடக்கும் நாட்களில் கால்நடைத் துறையினர் ஒரு மேசை போட்டு, டேப்பை வைத்து எடை பார்த்து, வேலைக்குத் தகுந்த தீவன அளவை ஒரு சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். விலைப் பட்டியல் போடும் பக்கத்தில் நீங்களும் இந்தத் தீவனக் கணக்கைப் போடுங்கள்.

இப்படிக்கு,
குதிரை வளர்க்கும் வாசகர்,
பவானி.