கூடத்துக் கிருஷ்ணர்

தஞ்சாவூர்

அன்புள்ள செந்திலுக்கு,

அம்மா சௌக்கியம். சாப்பிடுகிறாயா? போனில் உன் குரல் என்னவோ போலிருந்தது. "அந்தப் படம் என்ன விலை போகும்ப்பா, சும்மாதான் கேட்டேன்" என்றாய். அப்புறம் மூன்று வாரமாகப் பேச்சே இல்லை. சரி, கேட்டுத்தான் பார்ப்போமே என்று ஆட்டோ பிடித்து, நம் கூடத்துத் தஞ்சாவூர் ஓவியக் கிருஷ்ணரைப் பழைய படம் வாங்குகிறவரிடம் கொண்டுபோனேன்.

அவர் கிருஷ்ணர் முகத்தைப் பார்க்கவே இல்லை. குப்புறக் கவிழ்த்துப் பின்பக்கத்து ஆணிகளைக் கழற்றினார். அப்பாயி மராட்டிய ராஜா காலத்துப் படம் என்பாளே, பலாப்பலகையாக இருக்கும் என்று நம்பியிருந்தேன். பிளைவுட். இடையில் பழுப்பேறிய சுதேசமித்திரன் பத்திரிகைத் தாள், 1956. "நூறு வருஷம் ஆகியிருந்தா 1972 தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்கு விக்க முடியாது, அந்தத் தொல்லை உங்களுக்கு இல்லே" என்று எனக்கு ஆறுதல் வேறு. ஆனால் வேலை சுத்தமாம். சாக்பவுடரும் கோந்தும் குழைத்து மேடு கட்டிய மாலையில் ஒரு விரிசல் கிடையாது. மேலே ஒட்டிய ரேக், அந்த மெல்லிய தகடு, அசல் தங்கம், எழுபது வருஷமாகப் போகிறது, கருக்கவில்லை என்று டார்ச் அடித்துக் காட்டினார். பெருமையாக இருந்தது. பையன் பெங்களூரில் பெரிய கம்பெனி என்று அவரிடமும் சொல்லிவைத்தேன். ஒரு போன் பண்ண நேரமில்லாத பிள்ளைக்கு நான்தான் ஊரெல்லாம் விளம்பரம்.

செலவைப் பார்த்துச் செய்.

டார்ச் பீடத்துக்கு வந்ததும் நின்றது. "இங்கே மட்டும் கருத்திருக்கே. யாரோ ரேக்கை எடுத்துட்டுப் பித்தளைப் பொடி பூசியிருக்காங்க. இல்லேன்னா 30,000 தருவேன். இப்போ 18,000." யார் செய்தது என்றார். தெரியாது என்றேன்.

நான்தான். நீ இரண்டாம் வகுப்பு. மில்லில் ஆட்குறைப்பு. நாலு மாதம் வீட்டில் மூச்சுவிடவில்லை. காலையில் டிபன் பாக்ஸோடு கிளம்பிப் பெரிய கோவில் புல்தரையில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் வருவேன். ஒரு மத்தியானம் யாருமில்லாதபோது பிளேடால் பீடத்தைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்து நகை ஆசாரியிடம் போனேன். பிரித்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தராசுக்குப் போகுமுன் பாதி பறந்துவிட்டது. மீதியை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்து, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அம்மா தினம் அந்தப் பீடத்தைத்தான் தொட்டுக் கும்பிடுகிறாள்.

18,000-க்குச் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. படம் வேட்டியில் சுற்றி பீரோ மேல் இருக்கிறது. சட்டத்தில் கரையான், மருந்து அடித்திருக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். நீ அவளிடம் எதுவும் கேட்காதே. என்னிடம் பேசு. ராத்திரி பதினொன்றானாலும் விழித்திருப்பேன்.

இந்த மாதம் பணம் அனுப்ப வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடு. செலவைப் பார்த்துச் செய்.

அப்பா