நாற்காலிக்கு எத்தனை கால்?

அன்பு மகளுக்கு,

பேத்தி ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டால், அதற்கு இணையான இன்னொரு சொல்லைக் கொடுத்து முடித்துவிடாதே. அந்தச் சொல் எதுவரை போகும், எங்கே நிற்கும் என்று காட்டு.

நாற்காலியையே எடுத்துக்கொள். நான்கு கால் இருப்பதால் வந்த பெயர், இலக்கணத்தில் காரணப்பெயர். ஆனால் மேசைக்கும் கட்டிலுக்கும் நான்கு கால்தான். ஒற்றைத் தண்டில் சுழலும் நாற்காலிக்கோ நான்கு கால் இல்லை. பெயர் வந்த காரணம் வேறு, இன்று அது குறிக்கும் பொருள் வேறு. பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முதலில் இனத்தைச் சொல்: உட்காருவதற்கானது. பிறகு பக்கத்துப் பொருள்களிலிருந்து பிரி: ஒருவர் உட்காருவது, முதுகு சாய்க்க இடமுள்ளது. சாய்மானம் இல்லையென்றால் ஸ்டூல், பலர் உட்கார்ந்தால் பெஞ்சு. கடைசியில் அவளையே அந்தச் சொல்லுக்குள் வருவது ஒன்று, வராதது ஒன்று சொல்லச் சொல். பறவையும் அப்படித்தான்: ஈ பறந்தாலும் பறவையில்லை, நெருப்புக்கோழி பறக்காவிட்டாலும் பறவை. இறகு உண்டா என்றுதான் கேட்க வேண்டும். 'மரம்' போன்ற, காரணமின்றி இட்டு வழங்கும் இடுகுறிப்பெயருக்குக் காரணம் தேடி அலைய வேண்டாம்.

சொற்களின் எல்லை காலப்போக்கில் நகரும். எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காயிலிருந்து எடுப்பதும் எண்ணெய். நாற்றம் முன்பு நறுமணத்தையும் குறித்தது, இப்போது கெட்ட வாடை மட்டும். இது தெரியாமல் பழைய பாட்டைப் படித்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

பொதுப்பெயர் எல்லா இடத்திலும் பொருந்தும் என்றும் எண்ணிவிடக் கூடாது. மாமரத்துக்கு இலை, நெல்லுக்குத் தாள், கரும்புக்குத் தோகை, தென்னைக்கு ஓலை. தென்னை இலை என்றாலும் புரியும், ஆனால் காதில் உறுத்தும்.

அகராதி பார்க்கும்போது 'மரத்தில்' என்று தேடினால் கிடைக்காது. 'இல்' போலப் பெயரின் முடிவில் சேரும் உருபைக் கழற்றி, 'மரம்' என்று தேட வேண்டும். 'வீட்டில்' என்பது வீடு, 'ஆற்றில்' என்பது ஆறு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. நதியான ஆறு உருபு ஏற்கும்போது றகரம் இரட்டித்து 'ஆற்றில்' ஆகும். எண்ணான ஆறு அப்படியே 'ஆறில்' என்று நிற்கும். 'ஆறிலும் சாவு, நூறிலும் சாவு' என்ற பழமொழியில் பேசுவது வயதை, நதியை அல்ல. உருபே பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

எல்லாச் சொல்லுக்கும் இந்த வசதி கிடையாது. 'மாலையில் பூ வாடியது' என்று அவளிடம் சொல்லிப் பார். பொழுதா, கட்டிய பூச்சரமா என்பதை அந்த வாக்கியம் மட்டும் சொல்லாது. முன்னால் என்ன பேசினோம் என்று பார்த்தால்தான் தெரியும். இரண்டு பொருளையும் அவளாகவே சொல்கிறாளா என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா