பஞ்சிகாவத்தை நானாவுக்கு ஒரு நன்றி

அப்பாவின் 1959 மொரிஸ் மைனர் காருக்கு இரண்டாம் கியர் சின்க்ரோ ரிங் (கியர் உறுமாமல் விழ உதவும் வளையம்) தேடி மூன்று மாதம், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அலைந்தேன், கேட்ட இடமெல்லாம் "எல்லா மைனருக்கும் ஒன்றுதான்" என்று பிந்திய 1098 சிசி காரின் சாமானையே நீட்டினார்கள், ஒருமுறை ஏமாந்து வாங்கியும் விட்டேன். போன சனிக்கிழமை கடை வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த நானா (அண்ணன்) ஒருவர் என் ஃபோனில் இருந்த கியர் பொக்ஸ் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, "வெளிக்கூடு வழுவழுப்பா இருக்கே தம்பி, இது 948 சிசி காருட கியர் பொக்ஸ். 1098 என்றா விலா எலும்பு மாதிரி வரி வரியா இருக்கும், அதுட ரிங் இதுக்குச் சரிவராது" என்றார். அப்புறம் மாளிகாவத்தையில் தன் கூட்டாளி வீட்டுக்குக் கூட்டிப்போய், பழைய பிஸ்கட் டின்னிலிருந்து கிரீஸ் தாளில் சுற்றிய புது ரிங்கை எடுத்துக் கொடுத்தார். சந்தோஷத்தில் பெயர் கேட்க மறந்துவிட்டேன் (என் புத்தியை என்ன சொல்ல). நானா, இரண்டாம் கியர் இப்போது சத்தமே இல்லாமல் விழுகிறது. முதல் கியருக்குச் சின்க்ரோவே கிடையாதே, அது மட்டும் பழையபடி உறுமுகிறது. பெரிய நன்றி.