பிரேக் பிடிக்காமல் ஒரு இறக்கம்

சாங்க்ட் ஆன்டன், ஆஸ்திரியா

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் நீங்கள் கேட்டதற்கு வேலை அவசரத்தில் பதில் சொல்ல முடியவில்லை. வால்பாறை ரூட்டில் காலமெல்லாம் பஸ் ஓட்டியவர் வேறென்ன கேட்பீர்கள், "பனியில பிரேக் எப்படிப் பிடிப்பாங்க?" என்பதைத் தவிர!

மதிய ஷிஃப்ட் முடிந்து சமையலறைப் பின்வாசலில் நின்றால் குழந்தைகள் பனிச்சறுக்கு பழகும் சரிவு தெரியும். காலில் கட்டிய இரண்டு பலகைகளின் முன்முனையைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்ட வேண்டும். உள்ஓரம் பனியைச் சுரண்ட, வேகம் குறையும். வாத்தியார் "பீட்சா, பீட்சா!" என்று கத்துகிறார். பலகைகள் பீட்சாத் துண்டு வடிவத்துக்கு வர வேண்டுமாம். இரண்டையும் இணையாக வைத்து, திரும்பாமல், தடுக்காமல் நேரே கீழே விட்டால் அது 'ஷுஸ்'. துப்பாக்கிச் சூட்டுக்கும் இங்கே பேசும் ஜெர்மனில் அதே சொல்தான். இங்கிலீஷ்காரர்களும் பிரெஞ்சுக்காரர்களும் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்கள். 1968 கிரெனோபிள் குளிர்கால ஒலிம்பிக்கில் சின்னமாக இருந்த பனிச்சறுக்கு பொம்மைக்கே அந்தப் பெயர்தான்.

வேடிக்கை என்னவென்றால், வேகத்தை அடக்கித் திரும்பும் வித்தையை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த ஹான்னஸ் ஷ்னைடர் இந்த ஊரில்தான் பள்ளி நடத்தினார். 1938-இல் நாஜிகள் அவரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மறு வருஷம் அமெரிக்கா போய் நார்த் கான்வேயில் கற்றுக்கொடுத்தார். அவரிடம் வாத்தியாராக இருந்த டோனி மாட், இந்த ஊர்ப் பையன், வயது 19. அதே 1939-இல் வாஷிங்டன் மலைப் போட்டியில், செங்குத்துச் சரிவில் சில திருப்பம் போட்டு இறங்கலாம் என்றுதான் இருந்தாராம். விளிம்பு எங்கே என்று பிடிபடாமல் நேராக ஷுஸ்! மொத்த ஓட்டமும் 6 நிமிடம் 29 வினாடி. முந்தைய சாதனை 12 நிமிடத்துக்கும் மேல்.

இதை மட்டும் தம்பிக்குப் படித்துக் காட்டாதீர்கள். ஏற்கெனவே பெட்ரோல் மிச்சம் என்று இறக்கத்தில் பைக்கை ஆஃப் பண்ணிவிட்டு வருகிறவன்.

ஏப்ரல் கடைசியில் சீசன் முடிந்து ஹோட்டலைப் பூட்டுவார்கள். டிக்கெட் போட்டதும் சொல்கிறேன். பணம் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போங்கள், தைலம் போதாது.

உங்கள் அன்பு மகன்