முன்பே சொல்லிவைத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள டாக்டருக்கு, சிஸ்டர்கள் இருவருக்கு, அம்மாவைக் குளிப்பாட்டிய அக்காவுக்கு, நடுராத்திரியில் போனை எடுத்த தன்னார்வலர்கள் எல்லோருக்கும்,

அம்மா போய் ஐந்து வாரம் ஆகிறது. எழுத உட்காருவேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல் எழுந்துவிடுவேன். இன்று எழுதிவிடுகிறேன். மருந்து தந்தீர்கள், ஏர் பெட் தந்தீர்கள், 11 வாரம் அலுக்காமல் வந்துபோனீர்கள். அத்தனைக்கும் நன்றி. ஆனாலும் இந்த வீட்டைத் தாங்கிப் பிடித்தது, வரப்போகும் ஒவ்வொன்றையும் நீங்கள் முன்பே சொல்லிவைத்ததுதான்.

உங்களுக்கு முந்திய நான்கு வருடத்தில் அப்படி யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு இதயம் பலவீனமாகிக்கொண்டே வந்தது. கால் வீங்கும், மூச்சு வாங்கும், மருத்துவமனைக்கு ஓடுவோம், நீரை வெளியேற்றி அனுப்பிவைப்பார்கள். கடைசி வருடத்தில் மட்டும் ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் தளர்ந்துதான் திரும்பினார். இது எங்கே போய் முடியும் என்று நாங்களும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. பாலியேட்டிவ் கேர், அதாவது கடும் நோயின் வேதனையைத் தணிக்கும் பராமரிப்பு, புற்றுநோய்க்காரர்களுக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். இதய நோயாளிகளுக்கும் அதே அளவு தேவை என்று டாக்டர் சொன்னபோது, இதை இத்தனை நாள் ஏன் யாரும் சொல்லவில்லை என்று கோபமாகக் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் பதில் சொன்னீர்கள். உலகம் முழுவதும் வருடத்துக்குச் சுமார் 5.68 கோடிப் பேருக்கு இந்தப் பராமரிப்பு தேவைப்படுகிறது, கிடைப்பதோ ஏறக்குறைய 14 சதவீதம் பேருக்குத்தான் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த 14-க்குள் என் அம்மா வந்துவிட்டார்.

முதல் நாள் நீங்கள் வந்தது கண்ணுக்குள்ளேயே இருக்கிறது, டாக்டர். ஃபைலை நீட்டினேன். அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “அம்மா, உங்களுக்கு எதை நினைச்சா பயமா இருக்கு?” என்று கேட்டீர்கள். அந்தக் கேள்வியை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அம்மா யோசிக்கவே இல்லை. “மூச்சு முட்டிப் போயிடக் கூடாது. இந்த அறையை விட்டு என்னைத் தூக்கிட்டுப் போகக் கூடாது” என்றார். மனதில் எத்தனை நாள் வைத்திருந்தாரோ.

கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் என்றதும் நான் பின்வாங்கினேன். அடிமையாகிவிடுவாரோ, அதுவே உயிரை எடுத்துவிடுமோ என்று பயம். மிகக் குறைந்த அளவில் தொடங்கினால் மூச்சுத் திணறும் உணர்வு தணியும், அளவறிந்து கொடுத்தால் நீங்கள் பயப்படுவது நடக்காது, ஆனால் மலச்சிக்கல் நிச்சயம் வரும், அதனால் அதற்கான மருந்தையும் இன்றே சேர்த்துத் தொடங்குகிறோம் என்றீர்கள். ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பதால் சிலிண்டர் வேண்டாம், முகத்தில் காற்று படும்படி ஒரு சின்ன ஃபேன் வையுங்கள் என்றீர்கள். ஃபேனா என்று நினைத்தேன். கன்னத்தில் காற்று பட்ட கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தோள்கள் தளர்ந்து இறங்கியதைப் பார்த்த பிறகுதான் நம்பினேன்.

அன்றே இன்னொன்றும் கேட்டீர்கள். அம்மாவின் நெஞ்சில், துடிப்பு தாறுமாறானால் ஷாக் கொடுக்கும் கருவி பொருத்தியிருந்தார்கள். கடைசி நேரத்திலும் அது தன் வேலையைச் செய்யும், போகிற உயிரைத் திரும்பத் திரும்ப உலுக்கும் என்று பொருத்திய இடத்தில் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் அம்மாவிடமே விளக்கி, அவர் சம்மதத்துடன் ஷாக்கை மட்டும் நிறுத்த ஏற்பாடு செய்தீர்கள். கத்தி வைக்காமல், வலியில்லாமல் சில நிமிடத்தில் முடிந்தது. அதைச் செய்யாமல் விட்டிருந்தால் அந்த இரவு எப்படிப் போயிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு நடுங்குகிறது.

அண்ணன் தூரத்தில் இருந்தான். உடனே ஐசியூவில் சேர் என்று தினமும் போன். எனக்கும் அவனுக்கும் பேச்சே நின்றுபோனது. அவன் மேல் தப்பில்லை, பக்கத்தில் இல்லாதவனுக்குப் பயம் இரண்டு மடங்கு. டாக்டர், நீங்கள் ஒரு மணி நேரம் அவனிடம் பேசினீர்கள். அதில் பாதி நேரம் அவன் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அடுத்த வாரம் வந்து சேர்ந்தான். நாங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருப்பதைப் பார்த்த அன்று அம்மா கேட்ட மருந்துகூடக் குறைவு. சிசிலி சாண்டர்ஸ் என்பவர் ‘முழு வலி’ என்று சொன்னதை அன்றுதான் எனக்குச் சொன்னீர்கள்: உடம்பின் வலி, மனத்தின் வலி, உறவுகளின் வலி, ஆன்மாவின் வலி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் என்று. பிறகு தேடிப் படித்தேன். நர்ஸாகத் தொடங்கி டாக்டரானவர், 1967-ல் லண்டனில் இறுதிக்காலப் பராமரிப்புக்கான புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தவர், 1969-லேயே அங்கிருந்து வீடு தேடிப் போகும் குழுவையும் அனுப்பியவர். உங்கள் குழு எங்கள் வாசலுக்கு வந்த வழி அங்கே தொடங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சிஸ்டர், உங்களிடம் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறது. எட்டாவது வாரம் அம்மா சாப்பாட்டை நிறுத்தினார். நான் ஸ்பூனோடு விடாமல் நின்றேன். வாயை மூடிக்கொண்டார், நானும் விடவில்லை. டிரிப்ஸாவது போடுங்கள் என்று உங்களிடம் கத்தினேன். என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போய் மெதுவாகச் சொன்னீர்கள். “பசிங்கிறது உடம்பு கேக்குறது. இப்ப உடம்பு கேக்கறதை நிறுத்திடுச்சு. நீங்க ஊட்டினா புரையேறும். டிரிப்ஸ் ஏத்தினா இந்த இதயத்தால அந்தத் தண்ணியைத் தள்ள முடியாது, நுரையீரல்லதான் போய் நிக்கும். அம்மா எதுக்குப் பயந்தாங்களோ அதை நாமளே கொண்டுவந்த மாதிரி ஆயிடும்.” நான் அழுது முடிக்கும்வரை நின்றீர்கள். அப்புறம் என் கையில் ஒரு வேலையைக் கொடுத்தீர்கள். ஈரப் பஞ்சால் வாயைத் துடைப்பது, நாக்கில் இரண்டு சொட்டுத் தண்ணீர், உதட்டில் களிம்பு. ஊட்ட முடியாத கைக்கு ஒரு வேலை வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதற்குத் தனியாக ஒரு நன்றி.

அக்கா, உங்களைப் பற்றி அண்ணனும் நானும் பேசாத நாளில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை, குதிகால் மெத்தையில் அழுந்தாமல் தூக்கி வைப்பது, எல்லாம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தீர்கள். ஒரு படுக்கைப் புண் வரவில்லை. ஆனால் நான் மறக்காதது அது மட்டுமல்ல. கடைசி மூன்று நாள் அம்மாவுக்கு நினைவில்லை. அப்போதும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் சொன்னீர்கள்: “அம்மா, இப்ப உங்களை இடது பக்கம் திருப்பப் போறேன். தண்ணி வெதுவெதுப்பா இருக்கு, முகம் துடைக்கிறேன்.” காது கடைசிவரை கேட்கக்கூடும் என்றீர்கள். அதைக் கேட்ட பிறகுதான் நானும் அண்ணனும் அம்மாவிடம் பேச ஆரம்பித்தோம்.

அந்தக் கடைசி இரவு. கைகால் குளிரும், முழங்காலில் திட்டுத்திட்டாக நிறம் மாறும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகரவென்று சத்தம் கேட்கும் என்று சிஸ்டர் ஒரு தாளில் எழுதி அலமாரியில் ஒட்டியிருந்தார். அந்தச் சத்தம் கேட்கிறவர்களைத்தான் கஷ்டப்படுத்தும், நினைவில்லாத அம்மாவை வருத்தாது என்பதற்குக் கீழே கோடு போட்டிருந்தார். ராத்திரி ஒன்றே முக்காலுக்குச் சத்தம் தொடங்கியது. போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. “ஒருக்களித்துப் படுக்க வையுங்க, நான் லைன்லயே இருக்கேன்” என்றார். இருந்தார். சிஸ்டர் வந்து, தோலுக்கடியில் ஏற்கெனவே பொருத்தியிருந்த சின்ன ஊசி வழியாக மருந்து கொடுத்தார். சத்தம் தணிந்தது. மூச்சுகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. நான் எண்ணினேன். ஒருமுறை 40 வரை எண்ணிய பிறகு மூச்சு வந்தது. தாளில் இருந்ததால் நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விடியும்போது எண்ணிக்கொண்டே இருந்தேன், வரவில்லை. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தன் அறையிலேயே, மூச்சு முட்டாமல் போனார்.

மருந்துக்கடையில் இரவிலும் மார்ஃபின் கிடைக்கும்படி பார்த்துக்கொண்டவருக்கும், பேத்தியிடம் உண்மையை அவள் வயதுக்கேற்ற சொற்களில் சொல்ல எங்களுக்கு உதவிய சமூகப் பணியாளருக்கும், என்னைத் தூங்க அனுப்பிவிட்டு அம்மாவோடு விழித்திருந்த எதிர்வீட்டு அண்ணிக்கும் நன்றி. இரண்டு வாரம் கழித்து வந்து, நீ தூங்குகிறாயா, சாப்பிடுகிறாயா என்று என்னைக் கேட்ட சிஸ்டருக்கும் நன்றி. சரியாகத் தூங்குவதில்லை என்று அன்று உங்களிடம்தான் சொன்னேன்.

மிச்ச மருந்துகளை எண்ணி உங்களிடமே ஒப்படைத்துவிட்டேன். ஏர் பெட்டைத் துடைத்து, காயவைத்து, சுருட்டி வைத்திருக்கிறோம். வண்டி வரும்போது அடுத்த வீட்டுக்கு எடுத்துப் போங்கள். அதன் மோட்டார் ராத்திரியில் கொஞ்சம் உறுமும், புதிதாகக் கேட்கிறவர்கள் ரிப்பேர் என்று பயந்துவிடுவார்கள். ஒரு துண்டை நான்காக மடித்து அடியில் வைத்தால் சத்தம் நின்றுவிடும். அந்த வீட்டில் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.