நந்தியாவட்டைப் புழு

அன்புள்ள மாப்ள,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்கு விடச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி ஓடி மூன்று மாதமாகிறது.

சரி, உன் புழுவுக்கு வருகிறேன், நந்தியாவட்டையில் இருந்தது என்று போட்டோ அனுப்பி, என்ன புழு என்று கேட்டிருந்தாயே. தயவுசெய்து மருந்து அடித்துவிடாதே. பச்சைப் புழு, வாலில் கொம்பு என்று மட்டும் எழுதியிருந்தால் நான் முழித்திருப்பேன், ஏனென்றால் எள்ளிலும் பிரண்டையிலும்கூட கொம்புப் புழு வரும். நந்தியாவட்டையில் இருந்தது என்று சொன்னாய் பார், அதிலேயே பாதி தெரிந்துவிட்டது. மீதிக்குப் போட்டோவைப் பெரிதாக்கினேன். தலைக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக நீல வட்டம், நடுவில் வெளுப்பு, சுற்றிலும் கறுப்பு விளிம்பு. அது கண் இல்லை. தொட்டால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்போது அந்த இரண்டு வட்டமும் பெரிதாகி நம்மை முறைக்கும், குருவியை மிரட்டத்தான். விலாவில் வெள்ளைக் கோடும் இருக்கிறது. சந்தேகமே வேண்டாம், அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நீரியை, இங்கிலீஷில் ஓலியாண்டர் ஹாக் மாத் என்பார்கள். ஆடு மாடு தின்றால் செத்துப்போகிற அரளி இலையைத் தின்றே வளர்கிற விட்டில் இது. ஆனால் கொட்டாது, கொம்பும் குத்தாது. முருங்கையில் அப்பிக் கிடக்கும் கம்பளிப்பூச்சி வேறு, அதைத் தொட்டால் அரிப்பு பின்னிவிடும்.

நாலு வருஷம் முன்னால் இதே புழுவை ஒரு டப்பாவில் வைத்திருந்தேன். ஒருநாள் காலையில் பச்சை போய்ப் பழுப்பாகச் சுருங்கிக் கிடந்தது, நோய் வந்து செத்துவிட்டது என்று குப்பையில் போட்டேன். கூட்டுப்புழுவாகப் போகும் முன் அது நிறம் மாறி, தரைக்கு இறங்கிச் சருகு தேடும் என்பது பிறகுதான் தெரிந்தது. இன்றைக்கும் மனசு கேட்கவில்லை. அடுத்த முறை சருகு போட்டு வைத்தேன், பன்னிரண்டாம் நாள் ராத்திரி வெளியே வந்தது. பிழிந்த ஈரத்துணி மாதிரி இருந்த இறக்கை, குச்சியைப் பிடித்துத் தொங்கத் தொங்க மெல்ல விரிந்து, பாசிப் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஆனதை நீ பார்த்திருக்க வேண்டும்.

புழுவை வளர்த்துப் பார்ப்பதைப் போல உறுதியான வழி கிடையாது. கர்நாடகக் கடற்கரையில் இருக்கிற கார்வாரில் வனத்துறையில் இருந்த டி. ஆர். பெல்லும் அப்படித்தான் பார்த்தார். அவரும் ஸ்காட்டும் 1937இல் எழுதி வைத்த ஹாக் மாத் விவரங்கள் இன்றைக்கும் பயன்படுகின்றன. பொரித்த புதிதில் இதே புழு மஞ்சளாக, நீளமான கறுப்புக் கொம்போடு இருக்கும், பார்த்தால் வேறு இனம் என்றுதான் சொல்வாய்.

அடுத்த தடவை புழுவை மட்டும் எடுக்காதே, இலை, பூ எல்லாம் தெரிய எடு. அப்புறம் பக்கவாட்டில் ஒன்று, கால்களை எண்ண வேண்டும். முன்னால் மூன்று ஜோடி நிஜக்கால், அதற்குப் பின்னால் குட்டையான சதைக்கால்கள். சதைக்கால் கடைசியில் மட்டும் இரண்டு ஜோடி இருந்து, சாண் போட்டு அளப்பதுபோல் நடந்தால் அது ஒரு தனிக் குடும்பம். சதைக்கால் ஆறு ஜோடியோ அதற்கு மேலோ இருந்தால் விட்டிலும் இல்லை, வண்ணத்துப்பூச்சியும் இல்லை, குளவிக்கு உறவுக்காரன்.

இலை போனால் போகட்டும், நந்தியாவட்டை பதினைந்து நாளில் துளிர்த்துவிடும். செடிக்கடியில் சருகைப் பெருக்காமல் விடு. புழு பழுப்பாகிவிட்டால் ராத்திரியானாலும் போன் பண்ணு.

உன்
மாப்ள